நடந்து கற்கும் வடிவியல்: உருமாற்றங்களைத் தரையில் கற்பிக்கும் முறை

உருவத்தை நகர்த்தும் இடப்பெயர்வு, கண்ணாடிபோல் புரட்டும் எதிரொளிப்பு, ஒரு மையத்தைச் சுற்றித் திருப்பும் சுழற்சி ஆகிய மூன்று உருமாற்றங்களையும் கரும்பலகையில் நடத்தி முடிக்க அதிக நேரம் ஆகாது. சிக்கல் பிறகுதான் தெரியவரும். எதிரொளிக்கச் சொன்ன முக்கோணத்தைச் சில மாணவர்கள் அப்படியே தூக்கி மறுபக்கம் வைத்திருப்பார்கள். அச்சுகள் இரண்டும் வெட்டும் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு சுழற்றச் சொன்னால், உருவத்தை இருந்த இடத்திலேயே திருப்பி வரைந்திருப்பார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் விடையைச் சரியாக எழுதிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். புத்தகத்தில் அவர்கள் பார்ப்பது முன்னும் பின்னுமாக இரண்டு படங்களை. நடுவில் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நேர்ந்தது என்பது படத்தில் இருப்பதில்லை.

மாணவரையே புள்ளியாக நிறுத்திவிட்டால் அதைத் தவறவிட வழியில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தரையில் நடத்துவது எப்படி என்பதைத்தான் கீழே சொல்கிறேன். முதன்முறையாக முயலும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாணவர்களை எழுப்பி ஓடவிட்டால் கணிதம் தானாக வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். வெறும் ஓட்டத்தில் மிஞ்சுவது வியர்வைதான். கற்றல் நடப்பது, கால் நகர்வதற்கு முந்தைய சில விநாடிகளில். "நான் எங்கே போய் நிற்பேன், எந்தப் பக்கம் பார்த்து நிற்பேன்?" என்று மாணவர் யோசித்துச் சொல்கிறாரே, அந்த நேரத்தில். ஆகவே எல்லாப் படிகளிலும் ஒரே ஒழுங்கு: முதலில் சொல்ல வேண்டும், பிறகு நகர வேண்டும், பிறகு கயிற்றால் சரிபார்க்க வேண்டும், கடைசியில் எழுத வேண்டும். சொல்லாமல் நகர்ந்தவரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

தரையைத் தயார் செய்தல்

5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் கிடைத்தால் போதும். 50 சென்டிமீட்டரை ஓர் அலகாகக் கொண்டால், இரண்டு அச்சுகளிலும் −5 முதல் +5 வரை அதற்குள் அடங்கிவிடும். கோடுகள் எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்க வேண்டாம். அச்சுகள் இரண்டை மட்டும் தடித்த கோடாகப் போட்டு, மற்ற சந்திப்புகளில் சாக்பீஸால் சிறு சிலுவைக் குறி இட்டால் வேலை முடிந்தது. 50 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நீளமான கயிறு ஒன்று இருந்தால் இது விரைவாக ஆகும்.

அச்சுகள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்வது முக்கியம். அது கோணலானால் பின்னால் எந்தச் சரிபார்ப்பும் ஒத்துவராது. ஒரு கயிற்றை 12 சம பங்காக முடிச்சிட்டு, நுனிகளைச் சேர்த்து, 3, 4, 5 பங்குகள் பக்கங்களாக வரும்படி மூவர் இழுத்துப் பிடித்தால், 3-உம் 4-உம் சந்திக்கும் மூலை செங்கோணம். இதை மாணவர்களையே செய்யச் சொல்லலாம். பாடத்துக்கு வெளியே ஒரு பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. அறையில் சதுர ஓடு பதித்திருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஓடுகளின் இணைப்புக் கோடுகளே கட்டங்கள். அச்சுகளுக்கு மட்டும் வண்ண ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

இன்னும் தேவையானவை: நீளாத கயிறு, ஒரு எலாஸ்டிக் நாடா, அ, ஆ, இ என்று எழுதிய மார்பு அட்டைகள், மணிக்கட்டில் கட்ட வண்ணத் துணிப் பட்டைகள், எல்லோரிடமும் கட்டத்தாள். எந்தச் சுவர் 'மேல்' என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பலகை இருக்கும் சுவரை ஒய் அச்சின் மேற்புறமாக வைத்துக்கொள்வது வசதி.

வகுப்பில் 40 பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் கட்டத்துக்குள் நிற்க வேண்டாம். வெளியே இருப்பவர்களில் பாதிப் பேர் வரைபவர்கள், மீதிப் பேர் சரிபார்ப்பவர்கள். வரைபவர் உள்ளே நடப்பதைக் கட்டத்தாளில் குறிக்க வேண்டும். சரிபார்ப்பவர் கயிற்றோடு காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள். வெளியே சும்மா நிற்பவர் இருந்தால் அரட்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

உருவத்தை நிறுத்துதல்

மூன்று பேரை அழைத்து அ என்பவரை (1, 1) என்ற புள்ளியிலும், ஆ என்பவரை (4, 1) என்ற புள்ளியிலும், இ என்பவரை (1, 3) என்ற புள்ளியிலும் நிறுத்துங்கள். மூவரையும் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிந்து, ஒவ்வொருவரும் பிடிக்கும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். ஏறக்குறைய 4 மீட்டர் 30 சென்டிமீட்டர் கயிறு பிடிக்கும். இந்தக் கயிறுதான் உருவம். எங்கே போனாலும் மூவரும் தத்தம் முடிச்சை விடக் கூடாது. கயிறு தொய்ந்தாலோ வெடுக்கென்று இழுத்தாலோ யாரோ தவறான இடத்தில் நிற்கிறார்கள் என்று பொருள்; ஆசிரியர் வாய்திறக்கத் தேவையே இல்லை.

சமபக்க முக்கோணத்தையும் சதுரத்தையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அவற்றைத் திருப்பினாலும் எதிரொளித்தாலும் ஒரே மாதிரித் தெரியக்கூடும். மூன்று பக்கமும் வெவ்வேறாக இருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதோடு 'தொடக்க நிலை' என்று ஒன்றைப் பழக்குங்கள். மூவரும் பலகையைப் பார்த்து நின்று, இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். நீட்டிய கை எக்ஸ் அச்சின் நேர்த் திசையைக் காட்டும். முகம் ஒரு திசை, கை ஒரு திசை. இந்தச் சிறு ஏற்பாடு இல்லாவிட்டால் மாணவர் வெறும் புள்ளியாக மட்டும் இருப்பார். உருவம் திரும்பியதா, புரண்டதா என்று சொல்ல முடியாது.

இடப்பெயர்வு

மூன்றில் எளிதானது இதுதான். "இடப்பக்கம் 5, மேலே 2" என்று கட்டளை கொடுங்கள். அ (−4, 3), ஆ (−1, 3), இ (−4, 5) என்று வந்து நிற்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் ஒரே ஒரு தவறுதான் செய்வார்கள்: இடப்பக்கம் நடக்கும்போது உடம்பையும் இடப்பக்கம் திருப்பிவிடுவார்கள். நடப்பவருக்கு அது இயல்பு. இடப்பெயர்வுக்கு அது ஆகாது. முகம் பலகையைப் பார்த்தபடியே, கை அதே திசையில் நீண்டபடியே, பக்கவாட்டில் நகர வேண்டும்.

இங்கேயே இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஒருவர் முதலில் இடப்பக்கம் போய்ப் பிறகு மேலே போகிறார். இன்னொருவர் குறுக்காக ஒரே நடையில் போகிறார். இரண்டும் ஒன்றா? ஒன்றேதான். தொடங்கிய இடம், முடிந்த இடம், நிற்கும் நிலை ஆகியவைதாம் கணக்கில் சேரும்; நடந்த வழி சேராது. உடம்பால் கற்பிக்கும்போது வரக்கூடிய ஒரு தவறான எண்ணத்தை இந்தக் கேள்வி முன்கூட்டியே வெட்டிவிடுகிறது.

எதிரொளிப்பு

இங்கே அவசரப்படாதீர்கள். பாடவேளையில் பெரும்பங்கை இதற்கே கொடுக்கலாம்.

கட்டத்துக்குள் போகும் முன், தரையில் ஒரு கோடு போட்டு அதன் இரு பக்கமும் இருவரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருவர் ஆள், மற்றவர் அவருடைய பிம்பம். ஆள் மெதுவாகக் கையைத் தூக்குகிறார். பிம்பம் அதையே செய்ய வேண்டும். வேகம் கூடாது, யார் ஆள், யார் பிம்பம் என்று பார்ப்பவர் தடுமாறும் அளவுக்கு மெதுவாக நடக்க வேண்டும். இப்போது ஆளின் வலது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுங்கள். "பிம்பத்துக்கு எந்தக் கையில் கட்டுவது?" என்று வகுப்பைக் கேளுங்கள். கூச்சல் இரண்டாகப் பிரியும். தீர்ப்பைக் கண்ணாடியிடம் விட்டுவிடலாம்: ஆள் வலது கையைத் தூக்கும்போது, பட்டை கட்டிய அந்தக் கைக்கு நேர் எதிரே கண்ணாடியில் எந்தக் கை இருக்கும்? எதிரே நிற்பவரின் இடது கை.

அடுத்து இருவரையும் கை குலுக்கச் சொல்லுங்கள். ஆளும் வலது கையை நீட்டுகிறார், எதிரே இருப்பவரும் வலது கையை நீட்டுகிறார். இரண்டு கைகளும் குறுக்காக வந்து சேர்கின்றன. இது எதிரொளிப்பா? இல்லை. இருவருக்கும் நடுவிலுள்ள புள்ளியை மையமாக வைத்து 180 பாகை சுழற்றியதுதான் கைகுலுக்கல். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடு யாராலும் முறையாகக் கை குலுக்க முடியாது. எதிரெதிரே நிற்பது என்றாலே எதிரொளிப்பு என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு நிமிடம் பல பயிற்சித் தாள்களைவிடப் பயன்படும். விளக்கத்தை நீங்களே சொல்லிவிடாமல், அவர்களை வாதாடவிட்டுப் பாருங்கள்.

இப்போது கட்டத்துக்குள் வாருங்கள். அ, ஆ, இ மூவரும் பழைய முக்கோணத்தில் நிற்கட்டும். ஒய் அச்சுதான் கண்ணாடி. இம்முறை மூவரும் நகர வேண்டாம்; வேறு மூவர், அதே அளவுள்ள இரண்டாவது கயிற்றோடு, மறுபக்கம் பிம்பமாக வந்து நிற்கட்டும். சரியான இடங்கள் (−1, 1), (−4, 1), (−1, 3). அவர்களும் பலகையைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும், ஆனால் நீட்டியிருக்கும் கை இடது கை.

சரிபார்ப்பவர்கள் இப்போது ஆ-வுக்கும் ஆ-வின் பிம்பத்துக்கும் இடையே கயிற்றை இழுத்துப் பிடிக்கட்டும். அந்தக் கயிறு அச்சை எங்கே வெட்டுகிறது? சரிபாதியில். என்ன கோணத்தில்? செங்கோணத்தில். அ, இ இரண்டுக்கும் அப்படியே. எதிரொளிப்புக் கோடு என்பது ஒவ்வொரு புள்ளியையும் அதன் பிம்பத்தையும் இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோடு என்ற வரையறையை இதற்குப் பிறகு எழுதிப்போட்டால், அது அவர்கள் ஏற்கெனவே பிடித்துப் பார்த்த கயிறாக இருக்கும்.

ஒரு சோதனையையும் கற்றுக்கொடுங்கள். முதல் முக்கோணத்தில் அ, ஆ, இ என்று வரிசையாகப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். குரல் இடஞ்சுழியாகச் சுற்றிவரும். பிம்பத்தில் அதே வரிசை வலஞ்சுழியாகச் சுற்றும். வரிசை புரண்டிருந்தால் எதிரொளிப்பு நடந்திருக்கிறது, கையும் மாறியிருக்கும். இடப்பெயர்விலும் சுழற்சியிலும் வரிசை புரளாது, கையும் மாறாது. எக்ஸ் அச்சில் எதிரொளித்துப் பார்த்தாலும் இதே கதைதான்: பிம்பத்தில் நிற்பவர்கள் பலகைக்கு முதுகு காட்டுவார்கள், கை மட்டும் பழைய திசையிலேயே நீளும். அதற்கு அவர்கள் இடது கையைத்தான் நீட்டியாக வேண்டும்.

எட்டாம் வகுப்பாக இருந்தால், ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் சாய்ந்த மூலைவிட்டத்தையும் கண்ணாடியாக்குங்கள். இரண்டு ஆயத்தொலைவுகளும், அதாவது அடைப்புக்குறிக்குள் எழுதும் இரண்டு எண்களும், சமமாக இருக்கும் புள்ளிகள் சேர்ந்த கோடு அது. ஆ (1, 4)-க்குப் போகிறார், இ (3, 1)-க்குப் போகிறார். அ? அவர் நிற்பதே கண்ணாடிக் கோட்டின்மேல். நகரவே வேண்டாம். "எனக்கு வேலையே இல்லையா?" என்று அவர் கேட்டால், நிலைப்புள்ளி என்ற சொல்லை அறிமுகம் செய்ய அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

சுழற்சி

ஆதிப்புள்ளியில் ஒருவரை நிறுத்தி மூன்று கயிறுகளைக் கொடுங்கள். ஒவ்வொன்றின் மறுநுனியும் ஒரு மூலைக்குப் போகட்டும். "இடஞ்சுழியாக 90 பாகை." வழக்கம்போல, முதலில் எங்கே போவீர்கள் என்று சொல்ல வேண்டும்.

மையக் கயிறு தொய்யாமல் மூவரும் வளைந்து நடந்தால் அ (−1, 1)-க்கும், ஆ (−1, 4)-க்கும், இ (−3, 1)-க்கும் வந்து சேர்வார்கள். முகம் இப்போது இடப்பக்கச் சுவரைப் பார்க்கும். நீட்டிய வலது கை பலகையைக் காட்டும். யாராவது பலகையைப் பார்த்தபடியே நின்றால், அவர் நகர்ந்திருக்கிறார், சுழலவில்லை.

நடந்து முடித்ததும் அ-வையும் ஆ-வையும் கேளுங்கள்: யார் அதிகம் நடந்தது? ஆ நடந்தது ஏறக்குறைய 3 மீட்டர் 24 சென்டிமீட்டர். அ நடந்தது 1 மீட்டர் 11 சென்டிமீட்டர்தான். ஒருவர் மற்றவரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நடந்திருக்கிறார். ஆனாலும் இருவரும் திரும்பிய கோணம் ஒன்று. நடந்த வில் நீளமென்றால் கோணமும் பெரிது என்று குழப்பிக்கொள்பவர்களுக்கு, ஆ-வின் கால்வலியே மருந்து.

ஒவ்வொருவரும் தத்தம் குதிகாலில் நின்றபடியே சுழல்வதுதான் இங்கே அடிக்கடி வரும் தவறு. மையக் கயிறு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பிறகு வேண்டுமென்றே மையத்தை மாற்றுங்கள்: அ-வே மையமாக இருக்கட்டும். இப்போது அவர் நின்ற இடத்தில் திரும்புவதுதான் சரி. மற்ற இருவரும் அவரைச் சுற்றி வருவார்கள். அதே முக்கோணம், அதே கோணம், வேறு மையம், வேறு முடிவு. "90 பாகை சுழற்று" என்பது பாதி வாக்கியம். எதைச் சுற்றி என்று கேட்காமல் யாரும் காலெடுக்கக் கூடாது என்பதை வகுப்பின் சட்டமாகவே ஆக்கிவிடலாம்.

உருப்பெருக்கம்

நேரம் இருந்தால் மட்டும். சிறிய முக்கோணம் போதும்: (1, 1), (2, 1), (1, 2). ஆதிப்புள்ளியிலிருந்து ஒவ்வொருவரும் அதே நேர்கோட்டில் இரண்டு மடங்கு தொலைவுக்குப் போக வேண்டும். கயிறு விடாது, எலாஸ்டிக்கை எடுத்தாக வேண்டும். முதல் மூன்று உருமாற்றங்களிலும் முதல் உருவமும் பிம்பமும் சர்வசமம் (வடிவும் அளவும் ஒன்று), இதில் வடிவொப்பு (வடிவம் மட்டும் ஒன்று) என்பதற்குக் கயிற்றின் மறுப்பே சாட்சி. பக்கம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு என்பதைக் கட்டத்தாளில் எண்ணிக்கொள்ளட்டும்.

தரையிலிருந்து தாளுக்கு

40 நிமிடப் பாடவேளையில் கடைசி 15 நிமிடத்தை இதற்கு ஒதுக்காவிட்டால், மாணவர்கள் விளையாடிய நினைவோடு மட்டும் போவார்கள். வரைபவர்கள் குறித்ததை வைத்து, முன் இருந்த ஆயத்தொலைவுகள் ஒரு பத்தியிலும் பின் வந்தவை அடுத்த பத்தியிலுமாக ஓர் அட்டவணை தயாராகட்டும். 90 பாகைச் சுழற்சியின் அட்டவணையில் (4, 1)-க்கு எதிரே (−1, 4), (1, 3)-க்கு எதிரே (−3, 1) இருக்கும். எண்கள் இடம் மாறுகின்றன, முன்னால் வந்து நிற்பதன் குறி மாறுகிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். அதுவரை சூத்திரத்தை எழுதாதீர்கள். ஒரே பாடவேளையில் எல்லா உருமாற்றங்களையும் முடிக்கவும் முயல வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒன்று தாராளம்.

ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே இரண்டு கேள்விகள்: எது மாறியது, எது மாறவில்லை? சாதாரணமாகத் தெரியும் இந்தக் கேள்வியின் வேர் ஆழமானது. ஜெர்மானியக் கணிதவியலாளர் பெலிக்ஸ் கிளைன் 1872-இல், தம் 23-ஆம் வயதில், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் முன்வைத்த திட்டம், ஒரு வடிவியலை அதன் உருமாற்றங்களுக்கு ஆட்பட்டும் மாறாமல் நிற்கும் பண்புகளைக் கொண்டே வரையறுத்தது. மாணவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. கயிறு தொய்யவில்லை என்று அவர்கள் எழுதினாலே போதும்.

ஒன்றன்பின் ஒன்றாக

இதற்கு ஒருவர் மட்டும் போதும். எக்ஸ் அச்சில் 1 என்ற இடத்தில் நிற்கட்டும். 0-இல் ஒரு கண்ணாடிக் கோடு, 2-இல் இன்னொன்று. முதலில் 0-இல் எதிரொளித்தால் −1. அதை 2-இல் எதிரொளித்தால் 5. இரண்டு எதிரொளிப்பும் சேர்ந்து அவரை வலப்பக்கம் 4 அலகு நகர்த்தியிருக்கின்றன, அதாவது கண்ணாடிகளின் இடைவெளியைப்போல் இருமடங்கு. நீட்டிய கை முதலில் இடது கையாக மாறி, மறுபடி வலது கைக்கே வந்துவிட்டதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி முதலில் 2, பிறகு 0 என்று செய்தால் அவர் 3-க்குப் போய் −3-இல் முடிவார். நகர்வு அதே 4, திசைதான் எதிர். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்று பழகிய மாணவர்களுக்கு இது உறுத்தும். உறுத்தட்டும்.

ஈரக் காலோடு ஒருவரை நேராக நடக்கவிட்டு, தடங்களைப் பாருங்கள். இடது தடத்தை நடந்த கோட்டில் எதிரொளித்து, கொஞ்சம் முன்னே நகர்த்தினால் வலது தடம். இரண்டு உருமாற்றங்களின் சேர்க்கை தரையிலேயே அச்சாகிவிடுகிறது, காய்வதற்குள் வரைந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை.

கவனிக்க வேண்டிய சில

சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவரை ஓரமாக மேற்பார்வைக்கு உட்காரவைப்பது சோம்பேறித்தனம். கட்ட அலகை ஒரு மீட்டராக்கினால் அவரும் மூலையாக நகரலாம். நாற்காலிக்கு முன்புறம் என்று ஒன்று திட்டமாக இருப்பதால் சுழற்சியில் அவர் நிற்கும் நிலை மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். தொடுவதை விரும்பாத மாணவர்கள் உண்டு; எல்லாவற்றிலும் கயிற்றைப் பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கைகுலுக்கலையும் தொடாமலே நடிக்கலாம். இடமே இல்லாத அறையில், மேசைமேல் கட்டத்தாள் விரித்து, இரு உள்ளங்கைகளையும் உருவங்களாக வைத்துச் செய்யலாம். பலன் குறைவுதான், செய்யாமல் இருப்பதற்கு இது மேல்.

கடைசி வகுப்புக்கு ஒரு புதிர்

முந்தைய சுழற்சியின் முதல் முக்கோணத்தையும் பிம்பத்தையும் ஆறு பேரைக் கொண்டு நிறுத்துங்கள், அச்சுகளை அழித்துவிடுங்கள். உள்ளே வராத ஒரு குழுவை அழைத்து, சுழற்சி மையம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தடவிப் பார்ப்பார்கள், ஊகிப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள்: மையம் ஆ-வுக்கும் ஆ-வின் பிம்பத்துக்கும் சம தொலைவில் இருக்க வேண்டும். அங்கிருந்து மையக்குத்துக்கோட்டுக்கு வந்துவிடுவார்கள். இருவருக்கும் இடையிலான கயிற்றை மடித்து நடுப்புள்ளியைக் குறித்து, 12 பங்குக் கயிற்றால் செங்கோணம் எடுத்து ஒரு கோடு. இ-க்கும் இ-யின் பிம்பத்துக்கும் அதேபோல் இன்னொன்று. இரண்டும் வெட்டும் இடமே மையம். அ-வுக்கான மூன்றாவது கோடு சரிபார்ப்பு. அது ஒரு சாண் தள்ளிப் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது செங்கோணத்தை.